போகிற இடத்தைச் சொல்லாத கேள்வி

"உன் கம்ப்யூட்டரோட ஐ.பி. என்ன?" கணிப்பொறி படித்த யாரிடம் கேட்டாலும் இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடத் தொடங்குவார்கள். கல்லூரி ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்விலும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்துக்கொள்கிற அந்த ஐந்தாறு வரி நிரலும் இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கை அடியோடு தவறு என்பது என் கட்சி. கணிப்பொறிக்கு என்று ஒரு முகவரி கிடையாது. எங்கே போகிறோம் என்று சொன்னால் மட்டும், அந்த இடத்துக்குப் போக எந்த முகவரியோடு கிளம்ப வேண்டும் என்று அது சொல்லும்.

இதைக் கோலார் தங்க வயலில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு பெங்களூரு ரயிலில் ஏறிவிட்டது. காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்பி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை என்று ஊர்கிற வண்டியில் மடிக்கணினியைத் திறந்துவைத்திருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அவள் கணினிக்கு 192.168.43.20 என்று ஒரு முகவரி தந்திருக்கிறது. அலுவலகத்தின் வி.பி.என். 10.8.0.6 என்று இன்னொன்று. டாக்கர் நிறுவியிருப்பதால் 172.17.0.1 தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. 127.0.0.1 எப்போதும் உண்டு. ஐ.பி.வி6 பக்கம் போனால் வைஃபை இன்டர்ஃபேஸ் ஒன்றிலேயே மூன்று இருக்கலாம்: அந்த இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒன்று, நிலையான ஒன்று, அந்தரங்கத்துக்காக அவ்வப்போது மாறுகிற தற்காலிகமானது ஒன்று.

இதில் எது "அவளுடைய ஐ.பி."? கூகுளுக்குப் போனால் முதலாவது. அலுவலகத்தின் உள் சர்வருக்குப் போனால் இரண்டாவது. தன் கணினியிலேயே ஓடுகிற டாக்கர் பெட்டிக்குள் போனால் மூன்றாவது. கேள்வியில் போகிற இடம் இல்லையென்றால் பதில் சொல்ல வழியே இல்லை. ஆனாலும் பதில் சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

பழைய பாடநூல் வழி, கணினியின் பெயரைக் கேட்டு அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தேடுவது: கெட்ஹோஸ்ட்நேம், அடுத்து கெட்ஹோஸ்ட்பைநேம். டெபியனிலும் உபுண்டுவிலும் இதைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் 127.0.1.1 வரும். நிறுவும்போதே ஹோஸ்ட்ஸ் கோப்பில் அப்படி எழுதிவிடுகிறார்கள். அந்த முகவரியை வைத்துக்கொண்டு பக்கத்துக் கணினிக்குக்கூடப் போக முடியாது. கோப்பில் யாரோ எழுதிவைத்த ஒரு வரியைப் படித்துவிட்டு அதை நெட்வொர்க்கின் நிலைமை என்று நினைத்துக்கொள்வதுதான் இந்த வழி.

இரண்டாவது வழி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். எல்லா இன்டர்ஃபேஸையும் பட்டியலிட்டு, 127-இல் தொடங்காத முதல் முகவரியை எடுத்துக்கொள்வது. பட்டியலின் வரிசைக்கும் பாக்கெட் போகிற பாதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்றைக்கு வைஃபை முதலில் வரும்; நாளைக்கு ஒரு யு.எஸ்.பி. அடாப்டரைச் செருகினால், அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவினால், வரிசை மாறும்.

மூன்றாவது வழி, வெளியிலுள்ள ஒரு தளத்திடம் "நான் யார்?" என்று கேட்பது. அது சொல்வது பெரும்பாலும் உங்கள் முகவரியே அல்ல. உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே முகவரி மாற்றுகிற கடைசிப் பெட்டியின் முகவரி அது. மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கின்றன. அப்படி அடைப்பதற்கென்றே 2012-இல் ஆர்.எஃப்.சி. 6598 மூலம் 100.64 தொடங்கி 100.127 வரை ஒரு பெரிய தொகுதியை ஒதுக்கினார்கள். வெளித்தளம் சொன்ன அந்த முகவரியில் உங்கள் சாக்கெட்டை பைண்ட் செய்து பாருங்கள். அப்படியொரு முகவரி இந்தக் கணினியில் இல்லை என்று கெர்னல் கையை விரித்துவிடும்.

இதே நம்பிக்கையைக் கைப்பேசி இன்னும் கேலி செய்கிறது. ஐ.பி.வி6 மட்டும் தருகிற மொபைல் நெட்வொர்க்கில் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி, பழைய ஐ.பி.வி4 செயலிகளுக்காகத் தனக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பு இன்டர்ஃபேஸை வைத்துக்கொள்கிறது. அதன் முகவரி 192.0.0.4. பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியிலும் அதே 192.0.0.4தான். ஒரே ரயில் பெட்டியில் பத்துப் பேருக்கு ஒரே "என் ஐ.பி."!

இனி நல்ல வழிக்கு வருகிறேன். இது புதிதில்லை. சாக்கெட்டுகள் 1983-இல் 4.2 பி.எஸ்.டி.யோடு வந்தபோதே இதற்கான உறுப்புகள் எல்லாம் இருந்தன. ஒரு யு.டி.பி. சாக்கெட்டைத் திறக்க வேண்டும். போக வேண்டிய இடத்தின் முகவரியைக் கொடுத்து கனெக்ட் செய்ய வேண்டும். பிறகு கெட்சாக்நேம் கொண்டு, அந்தச் சாக்கெட்டின் இந்தப் பக்கத்து முகவரி என்ன என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

கனெக்ட் என்ற பெயரைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்துக்கு ஏதோ போய்விடுகிறது, அங்கே யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். டி.சி.பி.யில் அது உண்மை. யு.டி.பி.யில் ஒரு பாக்கெட்கூடக் கம்பியில் இறங்குவதில்லை. டிசிபிடம்ப்பை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கெர்னல் உள்ளுக்குள் செய்வது இதுதான்: கொடுத்த முகவரியை ரூட்டிங் அட்டவணையில் தேடுகிறது, பொருந்துகிற வழிகளில் மிக நீளமாகப் பொருந்துவதைத் தேர்கிறது, அந்த வழி எந்த இன்டர்ஃபேஸில் வெளியேறுகிறது, அதற்கு எந்த முகவரியை அனுப்புநராகப் போட வேண்டும் என்று முடிவு செய்து, அதைச் சாக்கெட்டில் எழுதிவைக்கிறது. உண்மையான பாக்கெட் போகும்போது எடுக்கப்போகிற முடிவையே, பாக்கெட் இல்லாமல் முன்கூட்டி எடுக்க வைக்கிறோம். எதிர்ப்பக்கக் கணினி அணைந்து கிடந்தாலும் பதில் மாறாது. முகவரிக்குப் பதில் பெயரைக் கொடுத்தால் மட்டும் டி.என்.எஸ். கேள்வி ஒன்று வெளியே போகும். போர்ட் எண் எதுவானாலும் சரி. 0 மட்டும் வேண்டாம், சில இயங்குதளங்கள் அதை ஏற்காது.

ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங் நூலில், யு.டி.பி. அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில், இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள சின்ன நிரலைக் கவனித்துப் பாருங்கள்: சேர வேண்டிய முகவரியை அது ஓட்டுகிறவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. முகவரி தராவிட்டால் ஓட மறுக்கிறது. இன்று கைமாறிக் கைமாறிப் புழங்குகிற வடிவத்தில் அந்த உள்ளீடு காணாமல் போயிருக்கிறது. அது இருந்த இடத்தில் 8.8.8.8 குந்தியிருக்கிறது. சார்பின் பெயர் "என் ஐ.பி.யை எடு". கேள்வியின் உயிரான பாகத்தைப் பிடுங்கிவிட்டு, கூகுளின் டி.என்.எஸ். முகவரியை அங்கே ஒட்டிவிட்டார்கள். உபாயம் சரிதான், அதைப் பழைய மூடநம்பிக்கைக்கு வேலையாளாக அமர்த்திவிட்டார்கள்.

"எல்லா இடத்திலும் வேலை செய்யுதே சார்" என்பார்கள். ஒரே ஒரு வைஃபை, ஒரே ஒரு கேட்வே உள்ள கணினியில் எல்லா வழியும் ஒன்றுதான். எதைக் கேட்டாலும் சரியாக வரும். அங்கே அந்த நிரலே தேவையில்லை. தேவைப்படுகிற இடத்தில்தான் அது கவிழ்கிறது. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிப் பக்கம் ஓர் உணவகத்தில் இதைப் பார்த்தேன். பில் போடும் கணினி கேபிள் வழியாக ஒரு சுவிட்சோடு சேர்ந்திருக்கிறது. அதில்தான் சமையலறை பிரிண்டரும், ஆர்டர் எடுக்கிற டேப்லெட்டுகளுக்கான வைஃபை பெட்டியும் இருக்கின்றன. எல்லாம் 192.168.1 தொகுதி. அந்தச் சுவிட்சுக்கு இணையம் கிடையாது. இணையம் வேண்டும்போது முதலாளி தன் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போடுவார். பில் மென்பொருள் தொடங்கியதும் 8.8.8.8-ஐ வைத்துத் தன் "ஐ.பி."யைக் கண்டுபிடித்து, டேப்லெட்டுகள் ஸ்கேன் செய்வதற்காக அதை ஒரு கியூ.ஆர். படமாகக் காட்டும். இணையத்துக்கு வழி ஹாட்ஸ்பாட் ஒன்றுதான். அதனால் படத்தில் ஹாட்ஸ்பாட் முகவரிதான் வரும். டேப்லெட்டுகளுக்கு அந்த முகவரி எட்டவே எட்டாது.

இதைவிட மோசம் ஹாட்ஸ்பாட் இல்லாத நேரம். 8.8.8.8-க்கு வழியே இல்லாததால் கனெக்ட் தோற்று, நெட்வொர்க் எட்டவில்லை என்று பிழை தரும். மென்பொருள் "நெட்வொர்க் இல்லை" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிடும். பிரிண்டர் ஆறடி தூரத்தில், கேபிளோடு, உயிரோடு இருக்கிறது. பிரிண்டரின் முகவரியைக் கொடுத்து அதே மூன்று படிகளைச் செய்திருந்தால், கேபிளின் முகவரி உடனே வந்திருக்கும். யார் எழுதிய மென்பொருள் என்பது இங்கே வேண்டாம். நகலெடுத்த வரிகள் எல்லா ஊரிலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

வி.பி.என். இருந்தால் கதை இன்னும் வழுக்கும். சில அலுவலகங்கள் தங்கள் உள் முகவரிகளுக்கு மட்டும் வி.பி.என். வழியை வைக்கின்றன. வேறு சில, எல்லாப் போக்குவரத்தையும் இழுத்துக்கொள்கின்றன. ஓபன்வி.பி.என். இதற்கு 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு பாதி உலகங்களை அட்டவணையில் சேர்க்கும். பழைய பொது வழியை அழிக்காமலே அதைவிட நீளமாகப் பொருந்தி வென்றுவிடும். ஆகவே அதே மடிக்கணினியில், அதே 8.8.8.8, ஓர் அலுவலகத்துக்கு வேலை செய்யும்போது ஹாட்ஸ்பாட்டைச் சொல்லும். இன்னொரு அலுவலகத்துக்கு வேலை செய்யும்போது வி.பி.என்.னைச் சொல்லும். யாரோ ஒரு நிர்வாகி எங்கோ செய்துவைத்த அமைப்பைத்தான் "என் ஐ.பி." என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் வெளியே போக வேண்டியதில்லை. "மைன்ஸுக்கு வாசல் எது?" என்று பழைய தொழிலாளி ஒருவரிடம் கேட்டால், "எந்த லெவலுக்குப்பா போகணும்?" என்றுதான் திருப்பிக் கேட்பார். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்ட் அடிவரை போகவில்லை. ஒன்றில் இறங்கி, உள்ளே நடந்து, இன்னொன்றில் மாற வேண்டும். 1965-இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த ஆய்வுக்கூடத்துக்கு ஹீத்கோட் ஷாஃப்ட். வேறு இடத்துக்கு வேறு ஷாஃப்ட். மேலே எந்த ஷாஃப்டில் ஏறுவது என்று தெரிந்துவிட்டதாலேயே கீழே ஆளை இறக்குகிற கூண்டான கேஜும் ஓடுகிறது என்று ஆகிவிடாது. கனெக்ட் வெற்றி பெற்றதும் "கனெக்ஷன் இருக்கு" என்று திரையில் பச்சை விளக்கு போடுகிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கட்டும். அட்டவணையில் வழி இருக்கிறது என்பது மட்டுமே அந்த வெற்றியின் பொருள். மோடத்துக்கு அப்பால் ஃபைபர் அறுந்து கிடந்தாலும் அது வெற்றிதான்.

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் இந்த உபாயத்தையே ஒதுக்குகிறார்கள். இது குறுக்குவழி, அழுக்கு வேலை, கண்ணியமான நிரலில் இதற்கு இடமில்லை என்கிறார்கள். அவர்கள் தினமும் பயன்படுத்துகிற லினக்ஸின் குளிப்சி நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும். ஒரு தளத்துக்கு ஐ.பி.வி4, ஐ.பி.வி6 என்று பல முகவரிகள் இருந்தால், எதை முதலில் முயல்வது என்று கெட்அட்ரின்ஃபோ வரிசைப்படுத்தித் தர வேண்டும். அதற்கு ஒவ்வொரு சேருமிடத்துக்கும் நம் பக்கத்து முகவரி எதுவாக இருக்கும் என்று தெரிய வேண்டும். அது என்ன செய்கிறது தெரியுமா? யு.டி.பி. சாக்கெட்டைத் திறந்து, ஒவ்வொரு முகவரிக்கும் கனெக்ட் செய்து, கெட்சாக்நேம் கேட்கிறது. நீங்கள் பிரவுசரில் ஒரு தளத்தைத் திறக்கும்போது இந்த "அழுக்கு வேலை" உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கூட்டத்திடம் ஒரு நல்ல வாதமும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையில்லை. கெட்சாக்நேம் தருவது முகவரியை, இன்டர்ஃபேஸை அல்ல. முகவரியை எடுத்துக்கொண்டு, கெட்இஃப்அட்ர்ஸ் பட்டியலில் அது எந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறது என்று பார்த்து, "அதோ, அதில்தான் போகும்" என்று சொல்வது பெரும்பாலும் சரி, எப்போதும் சரியில்லை. 1989-இன் ஆர்.எஃப்.சி. 1122 இரண்டு கொள்கைகளைப் பேசுகிறது. ஒன்றில் முகவரி இன்டர்ஃபேஸுக்குச் சொந்தம், இன்னொன்றில் மொத்தக் கணினிக்கும் சொந்தம். லினக்ஸ் இரண்டாவது கட்சி. ஒரு வழியை அமைக்கும்போது, இந்த இன்டர்ஃபேஸில் போ, ஆனால் அனுப்புநராக வேறொரு இன்டர்ஃபேஸின் முகவரியைப் போடு என்று சொல்ல அங்கே இடமுண்டு. லூப்பேக்கில் வைத்த முகவரியோடு வெளியே போகிற சர்வர்களும் உண்டு. அங்கே முகவரியை வைத்து இன்டர்ஃபேஸை ஊகித்தால் "லோ" என்று வரும். பாக்கெட் போவதோ வேறு கம்பியில்.

இன்டர்ஃபேஸ்தான் வேண்டுமென்றால் அதையே நேராகக் கேட்கலாம். லினக்ஸில் நெட்லிங்க் சாக்கெட் வழியாக ஒரு சேருமிடத்துக்கான வழியைக் கேட்டால், வெளியேறும் இன்டர்ஃபேஸ், அடுத்த கேட்வே, அனுப்புநர் முகவரி மூன்றும் ஒன்றாக வரும். "ஐபி ரூட் கெட்" கட்டளை செய்வதும் அதுவே. பி.எஸ்.டி.யிலும் மேக்கிலும் ரூட்டிங் சாக்கெட் உண்டு. விண்டோஸில் கெட்பெஸ்ட்இன்டர்ஃபேஸ்ஈஎக்ஸ் இருக்கிறது. கவனித்தீர்களா, இவை எல்லாமே முதலில் கேட்பது சேருமிடத்தைத்தான். உபாயத்தை வெறுக்கிறவர்கள் காட்டுகிற மாற்று வழிகள்கூட என் கட்சிக்கே சாட்சி சொல்கின்றன.

சேருமிடம் மட்டும் போதாத சமயமும் வரும். லினக்ஸில் போக்குவரத்தின் வகை, போர்ட், அதை அனுப்புகிற பயனர், பாக்கெட்டின் மேலிட்ட குறி ஆகியவற்றைப் பார்த்து வேறு வேறு அட்டவணைக்கு அனுப்பும் விதிகளை எழுதலாம். யு.டி.பி. போர்ட் 9-க்குக் கேட்ட பதில், டி.சி.பி. போர்ட் 443-க்குப் பொருந்தாமல் போகலாம். அங்கே யு.டி.பி. ஒத்திகையை விட்டுவிட வேண்டும். உண்மையான டி.சி.பி. இணைப்பைத் திறந்து, அது நிலைத்ததும் அதே சாக்கெட்டிடம் கெட்சாக்நேம் கேட்பதுதான் ஒழுங்கு. ஐ.பி.வி6-இல் எஃப்.இ.80 என்று தொடங்குகிற உள்ளிணைப்பு முகவரிக்குப் போக வேண்டுமென்றால் நிலைமை தலைகீழ்: எந்த இன்டர்ஃபேஸ் என்று நாம்தான் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். எல்லா இன்டர்ஃபேஸிலும் அதே தொகுதி இருப்பதால் கெர்னலால் கண்டுபிடிக்க முடியாது.

பதிலைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது அடுத்த தவறு. நிரல் தொடங்கும்போது ஒரு தடவை கேட்டு, ஒரு மாறியில் போட்டு, மாலைவரை அதையே பயன்படுத்துகிறார்கள். ரயிலில் இருக்கிறவளுக்கு ஹாட்ஸ்பாட் போகும், வரும், வி.பி.என். அறுந்து திரும்பச் சேரும். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் கேபிளைச் செருகுவாள். உபுண்டு போன்றவற்றில் நெட்வொர்க்மேனேஜர், கேபிள் வழிக்கு 100, வைஃபை வழிக்கு 600 என்று எடை போடுகிறது. எடை குறைந்தது வெல்லும். அதனால் கேபிளைச் செருகிய நொடியில் புதிய கேள்விக்குப் பதில் மாறிவிடும். முன்பே கனெக்ட் செய்த சாக்கெட் மட்டும் பழைய முகவரியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் அதே சாக்கெட்டை இன்னொரு இடத்துக்கு மறுபடி கனெக்ட் செய்தாலும் பழைய அனுப்புநர் முகவரி ஒட்டிக்கொண்டே வரும், நடுவே ஏ.எஃப்.அன்ஸ்பெக் என்று கொடுத்து முதலில் கழற்றிவிட வேண்டும். குளிப்சி அப்படித்தான் செய்கிறது. நமக்கு அவ்வளவு சிரமம் எதற்கு? ஒவ்வொரு கேள்விக்கும் புதுச் சாக்கெட் திறந்து மூடினால் போயிற்று.

"சரி, உணவகத்தில் டேப்லெட்டின் முகவரி முன்கூட்டித் தெரியாதே, எதைச் சேருமிடமாகக் கொடுப்பது?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. கியூ.ஆர். படத்துக்குப் பிரிண்டரின் முகவரியைக் கொடுக்கலாம், இரண்டும் ஒரே சுவிட்சில் இருப்பதால். பிரிண்டரே இல்லாத கடையென்றால், ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு படம் காட்டி, கேபிள், வைஃபை என்று பெயரும் போட்டு, முதலாளியையே தேர்ந்தெடுக்க விடலாம். அவருக்குத் தெரியும் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று. டேப்லெட் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் ஊகத்துக்கே வேலையில்லை. ஆக்செப்ட் தந்த சாக்கெட்டிடம் கெட்சாக்நேம் கேட்டால், அந்த டேப்லெட் எந்த முகவரியைத் தேடி வந்ததோ அதையே கெர்னல் சொல்லும். அடுத்த தடவை அந்த டேப்லெட்டுக்குத் தர வேண்டிய முகவரி அதுதான். யு.டி.பி. சர்வரில் ஐ.பி.பாக்கெட்இன்ஃபோ தேர்வை இயக்கிவைத்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த முகவரிக்கு, எந்த இன்டர்ஃபேஸில் வந்தது என்ற விவரம் கூடவே வரும். பதிலையும் அதே முகவரியிலிருந்து அனுப்பலாம். நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ என் ஐ.பி. என்னன்னு திரையில ஒரு மூலையில காட்டணும்னு கஸ்டமர் கேட்பாரே, அதுக்கு என்ன பண்ண?" என்றார். எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன்.